கூட்டல் குறிக்குக் கீழே ஒரு கோடு

போன வாரம் வீட்டுத் தண்ணீர் பம்ப்பில், சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ் என்ற வளையம் தேய்ந்துவிட்டது. மொரப்பூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவரைப் போனில் கூப்பிட்டேன். புதிதாக ஒன்று கடைந்து தர வேண்டும்.

"அளவ வாட்ஸாப்புல போட்டுடுங்க சார். வாயால சொன்னா இந்தச் சத்தத்துல நான் ஒண்ணு கேப்பேன், லேத்து ஒண்ணு கேக்கும்" என்றார்.

நியாயம்தான். 25 என்று அடித்தேன். அடுத்து ± போட வேண்டும். கூட்டல் குறி, அதற்குக் கீழே ஒரு கோடு. இருபத்தைந்து மில்லிமீட்டர் வேண்டும். கொஞ்சம் கூடினாலும் சரி, கொஞ்சம் குறைந்தாலும் சரி. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால் போடுகிற குறி. வாயால் சொல்லும்போது 'ப்ளஸ் ஆர் மைனஸ்'.

அதைப் போனில் எங்கே போய்த் தேடுவது? கூட்டல் குறிமேல் விரலை வைத்தபடியே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன். விரலை எடுக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. குறிக்கு மேலே சின்னதாக ஒரு கட்டம் முளைத்தது. அதற்குள் ±.

ஒரு நொடி ஆகியிருக்குமா?

பட்டறைக்காரர் கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான்தான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு குறி ஒரு காகிதத்தில் விழாமல் போனதற்காக ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. அது யாருடைய தப்பு என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். சொன்னதில்லை.

இந்த வாரம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பாதியில் பேச்சை மாற்றினால் என்னை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் நடத்தியவன். துல்லியம், துல்லியம் என்று உங்கள் உயிரை வாங்குகிறவன். எட்டு ஐந்துக்கு வரவேண்டிய சித்தேரி பஸ் எட்டு ஒன்பதுக்கு வந்ததைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியவன். அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் மாவட்டத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக். பெயர் வேண்டாம். அதன் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர் ஆரோக்கியமேரி. மொரப்பூருக்கு உள்ளே ஒரு கிராமம். நிலக்கடலையும் ராகியும் போடுகிற குடும்பம். அந்த வீட்டிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள். ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். இரண்டு வருடமாகத் தற்காலிகம். அந்த மாதம் வேலை நிரந்தரமாவதாக இருந்தது.

அவர் டைப் அடிப்பதை நின்று பார்க்கலாம். எங்கள் டைப்ரைட்டரில் ± என்று ஒரு சாவி கிடையாது. எந்த டைப்ரைட்டரிலும் பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஒரு கைவழக்கம் உண்டு: கூட்டல் குறியை அடி, பேக்ஸ்பேஸைத் தட்டு, அடிக்கோட்டை அடி. மூன்று தட்டு. பேக்ஸ்பேஸ் என்றால் மிஷினின் வண்டி ஓர் எழுத்து பின்னால் வரும், அவ்வளவுதான். காகிதத்தில் விழுந்த கூட்டல் குறி அப்படியே இருக்கும். அதன் காலடியில் கோடு போய் உட்காரும். வகுத்தல் குறியும் அப்படித்தான்: சின்னக் கோடு, பேக்ஸ்பேஸ், இரட்டைப் புள்ளி. மேரி இதையெல்லாம் யோசித்து அடிப்பதில்லை. விரல் தானே போகும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

வந்தது என்ன... நான்தான் வரவழைத்தேன். தாளாளரின் பின்னாலேயே ஆறு மாதம் நடந்து, "தப்பே செய்யாதுங்க" என்று சொல்லிச் சொல்லி வாங்கவைத்தேன். அதற்குத் தனி அறை, ஏ.சி., திரைச்சீலை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொறுப்பாளர் நான். சாவி என்னிடம். அதோடு வந்த தடிப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலை அதிகாரி, எங்கள் கடைசி வருட மாணவர்களில் சிலரைப் பயிற்சிக்கு எடுப்பதற்காக வந்தார். செய்முறைத் தேர்வு வைப்பார்கள். ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கேள்வித்தாளைக் கையால் எழுதிக் கொடுத்தது நான். அவர்கள் சொல்லியனுப்பிய அளவுதான்; '30 ± 0.1' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரிலேயே அடித்துக் கொடுங்கள், வருகிறவர் பார்க்கட்டும் என்று மேரியிடம் சொன்னதும் நான்தான்.

மேரி அடித்தார். கூட்டல், பேக்ஸ்பேஸ், அடிக்கோடு. அதே மூன்று தட்டு.

உங்களில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதற்குள் புரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் பேக்ஸ்பேஸ் என்றால் வெறுமனே பின்னால் வருவதில்லை. அழித்துக்கொண்டே வரும். கூட்டல் குறி போய்விட்டது. மிஞ்சியது அடிக்கோடு மட்டும். '30 _ 0.1'.

திரையில் தெரியாதா என்று கேட்கலாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் பாடமே, பார்த்து அடிக்கிற மூலக் காப்பியை விட்டுக் கண் அகலக் கூடாது என்பதுதான். விரலையோ அடித்ததையோ பார்த்தால் திட்டு விழும். பதினைந்து வயதிலிருந்து அப்படிப் பழகிய கண்.

அடித்ததைப் பார்ப்பதற்குத்தான் இன்னொரு ஆள் இருந்தான். ஆபீஸ் காப்பியில் பாடம் நடத்துகிறவர் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நகல் எடுப்பார்கள். மேரி காகிதத்தோடு வந்தபோது, அதிகாரியின் கார் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"ஒரு தடவ படிச்சிடுங்க சார்."

"நீ அடிச்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. காரை நோக்கி ஓடினேன்.

இதோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லை. தேர்வு ஆரம்பித்ததும் மாணவர்கள் இரண்டு மூன்று பேர், "சார், முப்பதுக்கு அப்புறம் என்ன சார் கோடு?" என்று கேட்டார்கள். நான் அதிகாரிக்கு எங்கள் புது மில்லிங் மிஷினைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோடுன்னா மைனஸ்தான், வேறென்ன?" என்றேன்.

முப்பது மைனஸ் பாயின்ட் ஒன். எல்லாரும் இருபத்தொன்பது புள்ளி ஒன்பதுக்குக் குறிவைத்து ராவினார்கள். அது அனுமதித்த எல்லையின் கடைசிக் கோடு. அதற்கு மேல் ஒரு மயிரிழை ராவினாலும் துண்டு வீண்.

மதியம் அதிகாரி வெர்னியரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். இருபத்து நாலு துண்டில் பத்தொன்பது வீண்.

"உங்க பசங்களுக்கு ராவத் தெரியலையோன்னு பார்த்தேன். ரொம்ப நல்லா ராவுறாங்க சார். என்ன, எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பான அளவுக்கு ராவியிருக்காங்க" என்றார். பிறகு கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். நானும் அப்போதுதான் அதை முதல் முறையாகப் படித்தேன்.

அவர் நல்ல மனிதர். அடுத்த திங்கட்கிழமை வந்து மறுபடி தேர்வு வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "இன்னொரு தடவை இப்படின்னா நான் வர்றதுல அர்த்தமில்ல" என்றார்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னங்க சார், தப்பே பண்ணாதுன்னு சொல்லித்தான இந்த மிஷின வாங்க வெச்சீங்க?"

"மிஷின் தப்புப் பண்ணலைங்க."

"அப்ப யாரு பண்ணுனது?"

"டைப்பிஸ்ட்ங்க" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதில் பொய் இருக்கிறதா, சொல்லுங்கள்? இல்லை. அடித்தது டைப்பிஸ்ட்தான். நான் என் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஓர் உண்மை. அதுதான் அதன் வசதி.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வருடம் நான் துறைத் தலைவர் ஆவதாக இருந்தது. பயம். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மேரியைக் கூப்பிட்டார்கள். "என்னம்மா, கூட்டல் குறிய முழுங்கிட்டியா?" என்றார் தாளாளர். "பர்மனென்ட் விசயத்த நிறுத்தி வெச்சிருக்கறேன். சேலத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு கெடைக்கும்னு சொல்றாங்க. உனக்கு இது தோதுப்படலன்னா சொல்லிடு."

மேரி அழவில்லை. "நான் அடிச்சனுங்க அய்யா. அது எங்க போச்சின்னு பாக்கணும். திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. அதே மிஷின்ல அதே குறிய அடிச்சிக் காட்டறேன். முடியலைன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"போயிடுவியா?"

"போயிடறனுங்க."

அரைமணி நேரம் கழித்து என் மேஜைக்கு வந்தார். கையில் ஓர் ஒற்றைக் காகிதம். பிரிண்டரில் வந்த ஆபீஸ் காப்பி. கீழே என் கையெழுத்து.

"இதத் தாளாளர்கிட்ட எடுத்துட்டுப் போவல சார். உங்ககிட்டயே குடுத்துடறேன். நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேம்மா" என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. புதன்கிழமை தாளாளர் ஊரில் இல்லை — எனக்கு எவ்வளவு நிம்மதி, தெரியுமா? சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் அறைச் சாவியை மட்டும் மேரியிடம் கொடுத்துவிட்டேன். பெரிய தியாகம் செய்த மாதிரி இருந்தது.

அவர் தினமும் டிபன் பாக்ஸை மூடிய கையோடு போய்விடுவார். ஏ.சி. குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, நான் பிரிக்காத அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் படித்தார். புரியாத வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன்.

"பேனாவால போட்டுடலாம்மா. மூணு எடம்தான" என்றேன் ஒரு நாள்.

"பேனாவால போட்டா, இவளுக்குத் தெரியாதுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி சார்."

"பழைய டைப்ரைட்டர்ல அடிச்சிடேன்."

"அதுவும் அதே மாதிரிதான்."

அப்புறம் அவரே சொன்னார்: "பின்னாடி வரணும், ஆனா அழிக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி இருக்கும் சார்."

"கம்ப்யூட்டர்ல பேக்ஸ்பேஸ்னா அழிக்கிறதுதாம்மா. அது அப்படித்தான்." எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

"அது ஸ்கிரீன்ல சார். பேப்பர்ல அடிக்கிறது யாரு? பிரிண்டரு. அதோட தல இப்பிடியும் போவுது, அப்பிடியும் வருது. ஒரே வரிக்கு மேல ரெண்டு தடவ போயிட்டு வர்றத நான் பாத்தேன். பின்னாடி வர்றது அதுக்குத் தெரியும். நமக்குத்தான் அதுங்கிட்டச் சொல்லத் தெரியல."

நான் பொறியியல் படித்தவன். இது எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கண்டுபிடித்துவிட்டார். புத்தகத்தின் பின்பக்கம் ஒரு பட்டியலில் ஒரே ஒரு வரியாகக் கிடந்திருக்கிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பி, பிறகு எச். முன்னால் அடித்த எழுத்தின் மேலேயே அடுத்த எழுத்தை அடி என்று பிரிண்டருக்குக் கொடுக்கும் உத்தரவு. திரையைப் பார்த்தால் கண்றாவியாக இருந்தது: ஒரு கூட்டல், கூரை மாதிரி ஒரு குறி, ஓர் எச், ஓர் அடிக்கோடு.

"தப்பா இருக்கேம்மா" என்றேன்.

"ஸ்கிரீனப் பாக்காதீங்க சார். பேப்பரப் பாருங்க."

பிரிண்டர் ஒரு முறை இழுத்தது. கூட்டல் விழுந்தது. தலை கொஞ்சம் தயங்கிப் பின்னால் வந்தது. கோடு விழுந்தது.

30 ± 0.1.

மேரி காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை. காலடியில் முழங்கால் உயரத்துக்கு வீணான காகிதம் மடிந்து கிடந்தது. எல்லாவற்றிலும் கூட்டலும் கோடும்.

"வந்துருச்சி சார்" என்றார். பிறகு, "நீங்க சொல்லிட்டீங்களா?"

"திங்கக்கெழம சொல்றேம்மா."

திங்கட்கிழமை தாளாளரின் அறையில் நாங்கள் நாலு பேர். தாளாளர், ஓசூர் அதிகாரி, மேரி, நான். மேரி புதுக் கேள்வித்தாளை மேஜைமேல் வைத்தார்.

"இந்தத் தடவ சரியா இருக்குதா?" என்றார் தாளாளர்.

"சார் வாய்விட்டுப் படிக்கட்டுங்க அய்யா. அப்புறம் கையெழுத்துப் போடட்டும்" என்றார் மேரி. என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தார்.

படித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக. "முப்பது... ப்ளஸ் ஆர் மைனஸ்... பாயின்ட் ஒன்." மூன்று இடத்திலும். கையெழுத்துப் போட்டேன். பழைய காகிதம் சட்டைப் பையில் இருந்தது, குனிந்தபோது சரசரத்தது.

அதிகாரி, "இதை எப்படிம்மா கொண்டுவந்தீங்க? எங்க ஆபீஸ்லயே பேனாவால்தான் போடுறோம்" என்றார். மேரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தாளாளரும் இளகித்தான் போனார். "சரி, இருந்துட்டுப் போவட்டும். பர்மனென்ட் மட்டும் ஒரு வருசம் தள்ளிப் போடலாம். மறுபடி தப்பு வருதா இல்லையான்னு பாப்போம். என்னங்க சார்?"

என்னைத்தான் கேட்டார். என்னங்க சார் என்று.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பையில் காகிதம் இருந்தது. அறையில் யாரும் கோபமாக இல்லை. அதைவிட நல்ல நேரம் யாருக்கும் கிடைக்காது.

"நீங்க சொல்றது சரிங்க" என்றேன்.

மறுதேர்வு நன்றாக நடந்தது. சிலரை எடுத்துக்கொண்டார்கள். நான் துறைத் தலைவர் ஆனேன்.

ஒரு வருடம்தானே என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு வருடத்துக்குள் இன்னொருவர் ஆபீஸில் நேரடியாக நிரந்தரமாகச் சேர்ந்தார். சீனியாரிட்டிப் பட்டியலில் அவர் மேலே, மேரி கீழே. கடைசிவரை அப்படியே. அவர் கண்காணிப்பாளர் ஆகி ஓய்வு பெற்றார். வேலையைக் கற்றுக்கொடுத்த மேரி அவருக்குக் கீழேயே இருந்து ஓய்வு பெற்றார்.

இத்தனை வருடம் ± போட்டு அளவு சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது: நாற்காலியில் இருக்கிறவன் செய்யும் பிழைக்கு இப்படி அப்படிக் கொஞ்சம் இடம் கொடுக்கிறோம். தற்காலிகத்தில் இருக்கிறவர் செய்யும் பிழைக்கு அந்த இடமே கிடையாது. சரியாக முப்பது இருக்க வேண்டும்.

மேரி அந்தக் காகிதத்தைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். நான் அங்கிருந்த அடுத்த பதினோரு வருடமும், எந்தத் தாளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாலும், பேனாவைத் தர மாட்டார். "வாய்விட்டுப் படிங்க சார்" என்பார். முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் பேனா. மற்ற லெக்சரர்கள் சிரிப்பார்கள். "என்ன சார், மேரி டீச்சர்கிட்டப் பாடம் ஒப்பிச்சாச்சா?" என்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

போன வாரம் போனை வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தைத் தேடினேன். பழைய லாகரிதம் புத்தகத்துக்குள் இருந்தது. எழுத்து மங்கிவிட்டது. என் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது. அதை நகல் எடுத்து, நடந்ததை ஒரு பக்கம் எழுதி, அந்தப் பாலிடெக்னிக்கின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்றும் ஆகாது, தெரியும். இருந்தாலும் மேரியின் கோப்பில் ஒரு காகிதம் சரியாக இருக்கட்டும்.

அப்புறம் மேரிக்குப் போன் செய்தேன். பாப்பாரப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"சொல்லுங்க சார். வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை நான் சொல்லவில்லை, காகிதம் என்னிடமே இருந்தது என்று.

"தெரியும் சார். உங்க பாக்கெட்டுல எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சே. பிரிண்டர் பேப்பரு ஓரத்துல வரிசையா ஓட்ட இருக்கும்ல? அது தெரிஞ்சுச்சு."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டா இல்லைன்னுடுவீங்க. அப்புறம் அந்தப் பொய்ய வேற நீங்க தூக்கிச் சொமக்கணும். அதான் படிக்க வெச்சன்."

மன்னிப்புக் கேட்டேன். கொடுத்தாரா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். இதைப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதுங்க. ஆனா எம் பேரப் போட்டு எழுதுங்க சார். 'ஒரு டைப்பிஸ்ட்'னு எழுதிடாதீங்க. அன்னிக்கும் அப்பிடித்தான் சொன்னீங்க."

ஆரோக்கியமேரி. ஆரோக்கியமேரி. எழுதிவிட்டேன்.

"அப்புறம் சார்... அனுப்பறதுக்கு முன்னாடி—"

வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன், மேரி. தப்பு ஏதாவது இருந்தால் அது என்னுடையது.